கல்லூரி வாசலிலிருந்து பின்னோக்கித் தேடப்படும் பள்ளி

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பள்ளியைப் பற்றி மிகத் தீவிரமாக யோசிக்கும் தருணங்கள் இரண்டு, பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நேரம் ஒன்று, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதம் மற்றொன்று. முதல் தருணத்தில் பெற்றோரின் வருவாயும் ஆசையும் மட்டுமே பேசுகின்றன. இரண்டாவதில், 500-க்கு இத்தனை என்று அச்சான மதிப்பெண் பட்டியல் பிள்ளையின் கையில் இருப்பதால், பள்ளியும் பேசத் தொடங்குகிறது. தேர்வு முடிவுக்கும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் எந்தப் பள்ளி, எந்தப் பாடப்பிரிவு, தமிழ்வழியா ஆங்கிலவழியா, வீட்டிலிருந்து போய்வருவதா விடுதியில் தங்குவதா என்பவை அனைத்தும் முடிவாகியாக வேண்டும்.

இந்தப் பேச்சில் ‘நல்ல பள்ளி’ என்ற சொல் தாராளமாகப் புழங்கினாலும், கடந்த நாற்பதாண்டு வரலாற்றைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். பதினொன்றாம் வகுப்புக்கான பள்ளியை, அதன் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்துக் குடும்பங்கள் தேர்ந்தெடுத்ததைவிட, இரண்டாண்டுகள் கழித்துக் கல்லூரி வாசலில் எந்த விதி நிற்கும் என்பதை வைத்தே பெரும்பாலும் தேர்ந்தெடுத்து வந்திருக்கின்றன. அந்த விதி மாறிய ஒவ்வொரு முறையும் குடும்பங்களின் கால்களும் திசை மாறியிருக்கின்றன. ஆசிரியரும் கட்டடமும் மாறாத ஒரு பள்ளி திடீரென்று இடம் கிடைக்காத பள்ளியாவதும், சில ஆண்டுகளில் தேடுவாரற்றுப் போவதும் இதனால்தான்.

இப்படியொரு வாசல் பள்ளிக்குள் வந்து சேர்ந்ததே 1978-இல்தான். அதுவரை தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு பதினோராண்டு, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் கல்லூரியில் பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்து, அங்கிருந்து பட்டப்படிப்புக்கோ தொழிற்படிப்புக்கோ சென்றார். 10+2 முறை வந்தபோது புகுமுக வகுப்பின் வேலை பள்ளியின் கடைசி இரண்டாண்டுகளுக்கு மாற்றப்பட்டது. பத்தாம் வகுப்புவரை உள்ளது உயர்நிலைப் பள்ளி, பன்னிரண்டுவரை உள்ளது மேல்நிலைப் பள்ளி என்ற இன்றைய பாகுபாடும் அப்போது நிலைபெற்றது. அரசு உயர்நிலைப் பள்ளிகளும் அரசு மேல்நிலைப் பள்ளிகளும் இன்று ஏறத்தாழ மும்மூவாயிரம் இருப்பதால், உயர்நிலைப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பள்ளி மாறுவது விருப்பமன்று, கட்டாயம்; மேலே படிக்க வேண்டுமானால் டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறொரு பள்ளியின் படியேறித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கு முன்னே நிற்கும் ‘குரூப்’

மேல்நிலை வகுப்பில் பள்ளிக்கும் முன்பாக முடிவாவது பாடப்பிரிவு. வீட்டிலும் கடைத்தெருவிலும் அதற்குப் பெயர் குரூப். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்ததைப் பல ஊர்களில் ஃபர்ஸ்ட் குரூப் என்கிறார்கள். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் அது கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியே படித்தால் பியூர் சயின்ஸ், வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் சேர்ந்தால் காமர்ஸ். இவற்றுக்கு அப்பால் வரலாறு சார்ந்த கலைப்பிரிவும், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை போன்ற தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு.

எல்லாப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பும் கிடையாது. ஒரு பாடப்பிரிவைத் தொடங்க அதற்குரிய முதுகலை ஆசிரியர் பணியிடங்களும் ஆய்வகமும் வேண்டும் என்பதால், சிற்றூர் மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஓர் அறிவியல் பிரிவும் ஒரு கலை அல்லது வணிகப் பிரிவும் இருப்பதே பெரிது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று ஒரு பெண் உறுதியாக இருந்தால், பக்கத்துப் பள்ளியில் அது இல்லாத நிலையில், அடுத்த ஊர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது அவள் என்று சொல்வதைவிட அந்த ஊருக்கு ஒதுக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் என்று சொல்வதே பொருந்தும்.

பாடப்பிரிவுகளுக்கிடையே எழுதப்படாத ஏணி ஒன்றும் இருக்கிறது. மே மாதத்தில் ஏதேனுமொரு அரசு மேல்நிலைப் பள்ளியின் சேர்க்கை மேசையைக் கவனித்தால் அது கண்ணில் படும். விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று பாடப்பிரிவுக்குக் கட்டங்கள் இருக்கும். மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆசிரியரோ அந்தக் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண் பட்டியலில் கணிதத்தையும் அறிவியலையும் கூட்டி, விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறார். அந்த எண்தான் விண்ணப்பம் எந்த அடுக்கில் விழ வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. எண் குறைவாக இருந்தால், “காமர்ஸ் எடுத்துக்கோம்மா, கஷ்டமில்லாம பாஸாயிடலாம்” என்ற அறிவுரை வருகிறது. சொல்பவரின் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் கணக்கு வராதவர்களின் புகலிடமாகக் கணக்குப்பதிவியலைக் கருதும் விநோதத்தை அந்த மேசையில் யாரும் கவனிப்பதில்லை. கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். இடங்களுக்கே கடும் போட்டி நிலவும் காலத்திலும், பள்ளிகளின் மனத்தில் இருக்கும் ஏணி பொறியியலையும் மருத்துவத்தையும் உச்சியில் வைத்துச் செய்த பழைய ஏணியாகவே நீடிக்கிறது.

தரவரிசைக் காலம்

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-85-இல், தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தே தரவரிசையைத் தீர்மானித்தது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி பெரும்பாலும் நகரங்களில் பணம் கட்டக்கூடியவர்களுக்கே கிடைத்ததால், கிராமப்புற மாணவர்கள் பின்தங்கினர் என்ற வாதம் வலுத்து, கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து 2006-இல் சட்டமியற்றி அத்தேர்வு ஒழிக்கப்பட்டது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே சேர்க்கைக்கு அளவுகோல் ஆனது. பொறியியலுக்குக் கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் குறைத்துக் கூட்டி 200-க்குக் கணக்கிடும் ‘கட்-ஆஃப்’ என்ற எண், அந்த ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் இடம்பிடித்தது. கால் மதிப்பெண் வேறுபாட்டில் கல்லூரி மாறியது.

நோக்கம் நியாயமானது. ஆனால் விதி மாறியதும் குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் முழுமையாகக் கணிக்கவில்லை. மதிப்பெண் ஒன்றுதான் வாசல் என்றால், மதிப்பெண் எடுக்க வைக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி. லாரித் தொழிலுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் முன்பே வளர்ந்து வந்த விடுதியுடன் கூடிய தனியார் மேல்நிலைப் பள்ளிகளுக்கு இது பொற்காலம் ஆயிற்று. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு என்ற ஊர்ப்பெயர்களே பாடத்திட்டத்தின் பெயர்களைப்போல ஒலித்தன. தென்கோடி மாவட்டங்களிலிருந்தும் டெல்டா மாவட்டங்களிலிருந்தும் பெட்டிபடுக்கையோடு பிள்ளைகள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டனர்.

அப்பள்ளிகளில் பல பின்பற்றிய முறை எளிமையானது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாததால் அந்தப் பாடநூல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு நூல்களையே இரண்டாண்டுகளும் நடத்தினார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு எவ்வகை வினா வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் ‘புளூபிரின்ட்’ என்ற வினாத்தாள் வடிவமைப்பு வெளிப்படையாகவே கிடைத்ததால், தேர்வுக்கு ஆயத்தமாவது என்பது திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கும் பயிற்சியாகச் சுருங்கியது. முடிவு வெளியாகும் நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று நாளிதழ்களில் வந்த ஒளிப்படங்களே அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு விளம்பரம் ஆயின.

இதற்காகப் பெற்றோரை நகையாடுவது நியாயமாகாது. அவர்கள் விதியைச் சரியாகப் படித்தார்கள். அந்த விதிக்கு ஏற்ற இடத்தைத் தேடிப் போனார்கள். விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். பதினொன்றாம் வகுப்பின் இயற்பியலையும் கணிதத்தையும் ஒழுங்காகப் படிக்காமலே பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் முதலாண்டிலேயே திணறினார்கள். இவ்விரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினா கேட்கும் தேசிய அளவிலான தேர்வுகளில் தமிழ்நாட்டு மாணவர்களின் எண்ணிக்கை மெலிந்தே இருந்தது. 2017 மே மாதத்தில் அரசு தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டு, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வை அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இதுவே முதன்மையானது. 1,200 என்றிருந்த பிளஸ் டூ மொத்த மதிப்பெண்ணும் 600 ஆனது, புளூபிரின்ட்டும் விடைபெற்றது.

இடையில் நடந்த மற்றொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்து, 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் முழுமையாக நடைமுறையான சமச்சீர்க் கல்வி, பத்தாம் வகுப்புவரை மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று பிரிந்து கிடந்த நான்கு பாடத்திட்டங்களை ஒன்றாக்கியது. மேல்நிலையில் பாடநூல் முன்பிருந்தே பொதுவானதுதான். ஆகவே பாடநூலைக் காட்டித் தம்மை உயர்த்திக்கொண்டிருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பலவற்றுக்கு அந்த வேறுபாடு கைநழுவியது. அவற்றுள் சில அடுத்த பத்தாண்டுகளில் சி.பி.எஸ்.இ. பலகையை மாட்டிக்கொண்டன.

நீட்டும் ஏழரை விழுக்காடும்

2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டிலும் கட்டாயமானபோது பள்ளிச் சந்தை மறுபடியும் தலைகீழானது. பிளஸ் டூவில் உயிரியலுக்கு முழு மதிப்பெண் வாங்கித்தரும் பள்ளி என்ற பெருமை ஒரே ஆண்டில் செல்லாக்காசானது. தேசியப் பாடநூல்களை ஒட்டி வினா வருவதால் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பக்கம் வசதியுள்ள குடும்பங்கள் திரும்பின. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளோ, பயிற்சி மையங்களோடு கைகோத்து, பள்ளி நேரத்துக்குள்ளேயே நீட் பயிற்சியும் தரும் ‘இன்டகிரேட்டடு’ வகுப்புகளைத் தொடங்கின. பெயர் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருக்க, பிள்ளை பகல் முழுவதும் பயிற்சி மையத்தில் இருக்கும் ‘டம்மி’ பள்ளி என்ற ஏற்பாடும் பெருநகரங்களில் தலைதூக்கியது. இங்கே பள்ளி என்பது தேர்வு எண் வாங்குவதற்கான முகவரி மட்டுமே. பிளஸ் டூ முடித்தபின் ஓராண்டு முழுதும் தேர்வுக்கே செலவிடுவோரின் பங்கு பெருகியதையும், தமிழ்வழி மாணவர்களின் பங்கு சரிந்ததையும் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கை பதிவு செய்தது.

நீட் தேர்வின் விளைவுகளுக்கு மறுமொழியாக, அந்த அறிக்கைக்கு முன்பே வந்தது ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு. நீதியரசர் பி. கலையரசன் குழுவின் பரிந்துரையின்பேரில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டம், நீட் தேர்வில் தகுதிபெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே அளவு ஒதுக்கீடு விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

அந்த நிபந்தனை குடும்பங்களின் நாட்காட்டியை மாற்றியது. பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாறி ஏழரைக்குள் நுழைய வழியில்லை என்பதால், கல்லூரியை மனத்தில் வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வயது பதினைந்திலிருந்து பத்துக்கு இறங்கியது. பிளஸ் ஒன் வாசலில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. முன்பெல்லாம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளையின் வீட்டுக் கதவைத் தனியார் பள்ளிகளின் ஆட்கள் தட்டுவார்கள்; கட்டணமின்றி ‘ஃப்ரீ சீட்’, சில இடங்களில் விடுதியும் இலவசம். பிள்ளை போவதும், இரண்டாண்டுகள் கழித்து அந்தப் பள்ளியின் பதாகையில் சிரிப்பதும் வழக்கமாக இருந்தன. ஒன்பதாண்டு, பத்தாண்டு பாடம் சொல்லிக்கொடுத்த அரசுப் பள்ளியின் பெயர் எங்கும் வராது. இப்போது அப்படிப் போனால் ஏழரை விழுக்காட்டு உரிமை போய்விடும். 2022 முதல் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 முதல் மாணவருக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இடம் கிடைக்காது. திருமண உதவித் திட்டமாக இருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டுப் புதுமைப் பெண் ஆனது என்பது இந்த மாநிலத்தின் மனமாற்றத்துக்கு நல்ல சான்று.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் தரம் குறையும்போது அதைச் சார்ந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள் என்றார்: ஒன்று வெளியேறுவார்கள், அல்லது உள்ளே நின்று குரல் எழுப்புவார்கள். பொதுப் பள்ளியை அவர் தம் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் காட்டினார். தரத்தைப் பற்றி மிகவும் அக்கறை கொண்ட பெற்றோரே முதலில் வெளியேறுவதால், குரல் எழுப்பக்கூடியவர்கள் அங்கே எஞ்சுவதில்லை என்பது அவர் கண்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஏழரை விழுக்காட்டால் மருத்துவ இடம் பெற்றவர்களின் எண்ணிக்கை மொத்த மாணவர் தொகையில் சிறியதுதான். ஆனால் வெளியேறுவதற்கு ஒரு விலை வைத்ததன்மூலம், கேள்வி கேட்கக்கூடிய பெற்றோரைப் பள்ளிக்குள் நிறுத்திவைத்த அளவில், சுவருக்கு வண்ணம் பூசியதும் சேர்க்கைப் பேரணி நடத்தியதும் செய்யாததை இந்தச் சட்டம் செய்திருக்கிறது.

நெருடலும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகள், அதாவது நிர்வாகம் தனியாரிடமும் ஆசிரியர் ஊதியம் அரசிடமும் இருப்பவை, இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களில் திருச்சபைகளும் சமுதாய அறக்கட்டளைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளே பல ஊர்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டும் ஒரே மேல்நிலைப் பள்ளி. ஒரே தெருவில் இருந்து, ஒரே பாடநூலைத் தமிழ்வழியில் படிக்கும் இரு கூலித் தொழிலாளர் பிள்ளைகளில் ஒருவருக்கு ஏழரை உண்டு, மற்றவருக்கு இல்லை. மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் விரிந்துவிட்ட பிறகு, ஒதுக்கீட்டில் மட்டும் அந்தக் கோடு ஏன் நீடிக்க வேண்டும் என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் எட்டும் தொலைவில் உள்ள குடும்பங்களைப் பற்றியது. 2009-இல் தொடங்கிய மத்திய அரசின் அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம், குடியிருப்பிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளியும், 7 முதல் 10 கிலோமீட்டருக்குள் மேல்நிலைப் பள்ளியும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பத்து கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் சிறிய கோடு. சவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ அது ஒரு பொழுது. சமவெளியிலும் பல சிற்றூர்களுக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கும் பள்ளி கூடுதல் அக்கறை உள்ள பள்ளி என்று நகரத்தில் பெயரெடுக்கும், கடைசிப் பேருந்தைத் தவறவிட வைக்கும் பள்ளி என்று கிராமத்தில் கைவிடப்படும். பிளஸ் ஒன்னில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, பள்ளித் தேர்வின் எல்லையைச் சில கிலோமீட்டர் நீட்டித்ததில் பெரும் பங்கு வகித்தது. அதைக் கொள்கை அறிஞர்களைவிடப் பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் நன்கறிவர்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தொலைவோடு வேறு கணக்குகளும் சேரும். இருபாலர் பள்ளியா, மகளிர் பள்ளியா; பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்குப் போகும் பாதை எப்படிப்பட்டது; கழிவறையில் தண்ணீர் வருகிறதா; தெருவில் வேறு எந்தப் பெண் அங்கே படிக்கிறாள் என்பவை மதிப்பெண் சராசரிக்கு முன்பே விசாரிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் தேர்ச்சி விகிதத்தில் மாணவியரே முந்துகிறார்கள் என்ற செய்தியை அச்சிடும் நாளிதழ்கள், அவர்களுள் எத்தனை பேர் தாம் விரும்பிய பாடப்பிரிவில் படித்தார்கள் என்று கேட்டதில்லை.

வெளிப்படையாகப் பேசப்படாத இன்னொரு கணக்கு சாதி. தென்மாவட்டங்களில் சில பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறமே மாணவனின் சாதியைச் சொல்லிவிடும் என்பது நெடுநாளாக அறியப்பட்டதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024-இல் தன் அறிக்கையை அளித்தது. எந்தப் பேருந்தில், எந்த ஊரைக் கடந்து, எந்த ஊர்ப் பிள்ளைகளோடு தன் மகன் போக வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பக்கத்துப் பள்ளியைத் தவிர்க்கும் தந்தையின் முடிவு எந்தச் சேர்க்கைப் படிவத்திலும் பதிவாவதில்லை.

பள்ளி தேர்ந்தெடுக்கும் மாணவர்

குடும்பம் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது என்பது பாதி உண்மை. தேடப்படும் பள்ளி எதுவும் மாணவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குப் பிறகே பிளஸ் ஒன் சேர்க்கை நடைபெற வேண்டும் என்று கல்வித் துறை சுற்றறிக்கை விட்டாலும், பல தனியார் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து இடம் உறுதி செய்வதும், முன்பணம் வாங்குவதும் தைமாதத்திலேயே தொடங்கிவிடுகின்றன. முன்பணம் கட்டிய குடும்பம், மே மாதத்தில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண் வந்து வேறு பள்ளியில் இடம் கிடைத்தாலும் அசைய முடியாது. கட்டாமல் காத்திருந்த குடும்பமோ, முடிவு வந்தபின் இடமில்லை என்ற பதிலைக் கேட்க நேரும். கட்டணத்தை நெறிப்படுத்த 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் நீதியரசர் தலைமையிலான குழுவும் இருந்தும், பெற்றோர் செலவிடும் தொகைக்கும் குழு நிர்ணயித்த தொகைக்கும் இடையே பயிற்சி, புத்தகம், சீருடை, பேருந்து என்று பல தலைப்புகள் நுழைந்துகொள்கின்றன.

இத்தகைய குழப்பத்துக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. நியூயார்க் நகரத்தில் 2003-க்கு முன்புவரை இதே நிலைதான். ஒரு மாணவருக்குப் பல பள்ளிகள் இடம் கொடுத்துக் காத்திருக்க, ஏறத்தாழ 30,000 பேர் தாம் கேட்ட எந்தப் பள்ளியும் கிடைக்காமல் வேறெங்கோ அனுப்பப்பட்டனர். ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளியலாளர்கள், டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் வகுத்த கணிதமுறையைத் தழுவி, மாணவர்கள் 12 பள்ளிகள்வரை விருப்ப வரிசையில் எழுதித்தரும் பொது ஏற்பாட்டை உருவாக்கியதும், அந்த எண்ணிக்கை முதலாண்டிலேயே ஏறத்தாழ 3,000 ஆகக் குறைந்தது. ராத்தும் ஷாப்லியும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான சிந்தனையன்று. பொறியியல் சேர்க்கையில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை 1997 முதல் நடத்திவரும் மாநிலம் இது. கல்லூரிக்கு வெளிப்படையான வரிசை, அதற்கு வழிவிடும் மேல்நிலைப் பள்ளிக்கு முன்பணமும் சிபாரிசுக் கடிதமும் என்ற முரணை இங்கே யாரும் முரணாகக் கருதுவதில்லை என்பதே வியப்பு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் அளவிலாவது, ஒரு மாவட்டத்தில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவில் எத்தனை இடம் என்ற பொதுப் பட்டியலை வைத்து இதைத் தொடங்க முடியும்.

தகவல் இல்லாத இடத்தைப் பதாகைகள் நிரப்புகின்றன. தேர்வு முடிவு வந்த மறுநாள் பேருந்து நிலையத்தைச் சுற்றி எழும் ஃபிளெக்ஸ் பதாகையில், மேலே தாளாளரின் பெரிய படம், கீழே வரிசை வரிசையாகத் தலைசீவிய பிள்ளைகளின் சிறு படங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் மதிப்பெண், ஓரத்தில் ‘100% தேர்ச்சி’ என்ற வாசகம். 2025-இல் பிளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி விகிதமே 95.03 ஆக இருக்கையில், நூறு விழுக்காடு என்ற சொல் ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. பதாகை காட்டாதது வேறு: பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களுள் பிளஸ் டூ தேர்வு எழுதியவர் எத்தனை பேர், தேறமாட்டார் என்று கருதி இடையில் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர் எத்தனை பேர். பத்தாம் வகுப்பில் 480 எடுத்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டு பிளஸ் டூவில் 580 எடுக்க வைப்பதும், 280-உடன் வந்தவரை 450-க்குக் கொண்டுபோவதும் ஒன்றல்ல. கல்வி ஆய்வாளர்கள் முன்னதைத் தேர்ந்தெடுப்பின் விளைவு என்றும், பின்னதைப் பள்ளி சேர்த்த மதிப்பு என்றும் பிரித்துப் பார்ப்பார்கள். பெற்றோர் தேடுவது பின்னதை; பதாகை விற்பது முன்னதை.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2018-இல் முதன்முறையாக நடந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வின் மதிப்பெண், உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று அதே ஆண்டில் முடிவானது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வையே 2025-26 முதல் கைவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் அடுத்தடுத்து மூன்றாண்டுகள் பொதுத்தேர்வு எழுதும் சுமை நீங்கியது நல்லதே. ஆனால் பதினொன்றாம் வகுப்பு நூலை ஒதுக்கிவைக்கும் பழைய வழக்கத்துக்குத் தடையாக இருந்த ஒரே வேலியும் அதுதான். பொறியியலுக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலாக இருப்பதால், வேலியில்லாத இடத்தில் பழைய தடம் மறுபடி விழ வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுகொள்ளப் பெற்றோருக்கு உள்ள வழி, ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பிள்ளையின் பையிலிருந்து இயற்பியல் குறிப்பேட்டை எடுத்து, அதில் எழுதப்பட்டிருப்பது எந்த வகுப்புப் பாடம் என்று பார்ப்பது மட்டுமே. கல்வித் துறைக்கோ அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. யார் எந்தப் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தார், எப்போது வெளியேறினார் என்பது அதில் பதிவாகிறது. அதைப் பள்ளிவாரியாக, சேர்ந்தவர் எண்ணிக்கையையும் தேர்வு எழுதியவர் எண்ணிக்கையையும் அருகருகே வைத்து, தைமாத முன்பணத்துக்கு முன்பாக வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.